விசிலுக்காக ஒரு வெட்டு

கறிக்கடைக்காரரை எல்லாரும் 'வெடி' என்றுதான் கூப்பிட்டார்கள். யாரும் பற்றவைக்க வேண்டாம், தானாகவே வெடிப்பார் என்று விளக்கமும் சொன்னார்கள். தராசு சரியாக நிற்காவிட்டால் அது தெருவில் கிடக்கும். ஒருமுறை குளிர்பெட்டிக் கதவு மூடவில்லை என்று எட்டி உதைத்தார். கால் கட்டைவிரல் உடைந்தது. உடைந்த காலாலேயே மறுபடியும் உதைத்தார்.

அவருக்கு வாய்த்த பெரிய தொல்லை பெண்டாட்டியின் தம்பி. ஒரே வெட்டுக்கட்டையின் எதிர்ப்பக்கம் நின்று வேலை செய்தவன். எலும்பு வெட்டும்போதெல்லாம் பல்லிடுக்கில் விசிலடிப்பான். பாட்டின் முதல் வரி மட்டும்தான். அடுத்த வரிக்குப் போகவே மாட்டான்.

"நிறுத்து மாப்ள."

"எதை மாமா?" என்பான். விசிலடிப்பது அவனுக்கே தெரியாது.

ஒருநாள் கடை நிறையக் கூட்டம். அந்த வரி மறுபடியும் தொடங்கியது. வெடியின் கையிலிருந்த கத்தி பறந்தது. எறிந்துவிட்டோம் என்பது, அது பின்சுவரில் மோதி விழுந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மச்சினனின் இடது காதில் பாதி, கொழுப்புத் துண்டுகளோடு கட்டைமேல் கிடந்தது.

அவன் காதைத் தொட்டுப் பார்த்தான். கையெல்லாம் ரத்தம். கட்டையைச் சுற்றி வந்து, எலும்பு உடைக்கும் சுத்தியலால் வெடியின் தோளில் ஓங்கிப் போட்டான். எலும்பு முறிந்தது. வழுக்கும் தரையில் இருவரும் கட்டிப் புரண்டார்கள். தெருவே சேர்ந்து பிரித்தபோது வெடியின் விரல்கள் அவன் குரல்வளையில் இருந்தன.

மருத்துவமனையில் மனைவி இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்றாள்.

"அவன் செத்திருந்தா, ஏன் கொன்னேன்னு கேக்கிறவங்களுக்கு என்ன சொல்லியிருப்பீங்க? விசிலடிச்சான்னா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விசாரிக்க வந்த போலீஸிடம் மச்சினன், "கத்தி நழுவிருச்சு" என்று முடித்துவிட்டான். அவர் உடைந்து அழுதது அப்போதுதான்.

கடை மறுபடி திறந்தது. விசிலும் வந்தது. அது கேட்கும்போதெல்லாம் வெடி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக் குழாயில் கை கழுவப் போவார். முதலில் உதட்டை ரத்தம் வரக் கடித்துக்கொண்டுதான் திரும்பி வருவார். நாள்பட நாள்பட, கழுவப் போகும் தடவைகள் குறைந்தன. ஒருநாள் ஒரு முழுத் தொடையை வெட்டி முடித்த பிறகுதான், இவ்வளவு நேரமும் அவன் விசிலடித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தார்.

அதே வாரம் ஒரு ஆள் கறிப் பொட்டலத்தை அவர் முகத்தில் வீசினான்.

"வெறும் எலும்பாப் போட்டு ஏமாத்தறியா?"

கேட்ட கையோடு அறைந்தான். வெடி கத்தியை வைத்தார்.

"குடுங்க, வேற போட்டுத் தரேன்."

அவன் மறுபடியும் அறைந்தான். பல் ஆடியது. மச்சினன் கட்டையைத் தாண்டிப் பாய்ந்தான். வெடி நல்ல தோளால் அவனை மறித்துச் சுவரோடு அழுத்திப் பிடித்தார். அவன் திமிறினான்.

"விடுங்க மாமா, அவனை ரெண்டா வகுந்துடறேன்."

"விடு மாப்ள. அந்தாளுக்கு இன்னைக்கு யார்மேல என்ன கோவமோ."

அவன் மூச்சு அடங்கும்வரை பிடித்திருந்தார். பிறகு நல்ல கறியாகப் பார்த்து வெட்டி, நிறுத்துக் கட்டிக் கொடுத்தார். அந்த ஆள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனான். வெடி வாயில் ஊறிய ரத்தத்தைக் கொல்லையில் துப்பிவிட்டு வந்து, "அடுத்தது யாரு?" என்றார்.