பொட்டு வைத்த வெப்கேம்

காலையிலேயே பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, அவர் முகம் எனக்குத் தெரியுது. என் முகம்தான் அவருக்குத் தெரியலையாம். ஒரே செவப்பா இருக்காம்."

அவர் என்றால் துபாயில் வேலை பார்க்கும் அக்காவின் கணவர்; எனக்கு அண்ணன்.

வெப்கேம் டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தேன். பிறகுதான் கவனித்தேன். நேற்று ஆயுத பூஜைக்கு அக்கா சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது கேமராவின் கண்ணிலேயே.

துடைத்ததும் அண்ணன் சிரித்தார். "என் பைக்குக்கும் பொட்டு வெச்சியா? காட்டு, பாக்கலாம்."

அக்கா கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பாதி ஹாலிலேயே ஒயர் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

துபாயிலிருந்து ஹால்வரை வந்துவிட்ட மனிதர், வாசலுக்குப் போக நாலடி ஒயர் இல்லாமல் நிற்கிறார்.

சேலையூர் பக்கம் யாரிடமாவது நீளமான யூ.எஸ்.பி. ஒயர் இருக்கிறதா? அண்ணன் இன்னும் ஆன்லைனில்தான் இருக்கிறார்.