எழுதாமல் விட்ட அக்கி

ஸ்ரீரங்கத்துக்கு வந்து ஆறு வருஷமாகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. கிணற்றடியில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "உங்க அம்மா வீட்டுலேருந்து என்ன வந்துச்சு?" தீபாவளியோ பொங்கலோ, இதே கேள்விதான். ரங்கூனில் நம் தெருவில் ஒருத்தியும் இப்படிக் கேட்டதில்லை. அங்கே பாதிப் பேருக்கு அம்மா வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இங்கே கேட்கிறவர்களுக்கு என் பதில் தெரியும், தெரிந்தேதான் கேட்கிறார்கள். "கப்பல்ல வரணும்ல" என்று சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். என்னைப்போல் ரங்கூனில் பிறந்து இந்தக் கரையில் வாழ்க்கைப்பட்ட பெண்களுக்காகவும், மகளை இங்கே அனுப்பலாமா என்று அங்கே யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றிப் பெருமையாக இதில் ஒன்றும் இல்லை.

என் கணவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. அவருடைய தம்பி மனைவி செண்பகம், ஜீயபுரத்துப் பெண். நான் ஐந்து வருஷம் காத்திருந்து கர்ப்பமானேன். அவள் வந்த வருஷமே உண்டாகி, என்னைவிட ஒரு மாதம் முந்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் அப்பா வாழைத்தாரோடு ரயிலில் வந்து இறங்குவார், அவள் அம்மா முறுக்கும் அதிரசமும் கொண்டுவருவாள். "அக்கா, நீங்க மொதல்ல எடுத்துக்கங்க" என்று செண்பகம் என் முன்னால்தான் தட்டை வைப்பாள். அதைத் தின்னும்போதும் எனக்கு வயிறு எரியும். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வெறுக்க ஒரு காரணம் தேடித் தேடி அலுத்துப்போனேன்.

ஆனி மாதக் கடைசியில் அவளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு நாள் குறித்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால் என் இடது விலாவிலிருந்து முதுகுவரை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. ரவிக்கை பட்டால் உயிர் போனது. குழந்தை உள்ளே புரண்டால் அந்தப் பக்கத்துத் தோல் முழுவதும் தீயாக எரிந்தது. பார்த்த மாமியார் இரண்டு கையையும் கூப்பினார். "மாரியாத்தா வந்திருக்கா. வாசல்ல வேப்பிலை சொருகுங்க" என்றார். வீடு அந்த நிமிஷமே மாறிப்போயிற்று. தாளிப்பு நின்றது. வெளியார் உள்ளே வரக் கூடாது, வீட்டார் வேறு வீட்டுக்குப் போகக் கூடாது. எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் எந்தச் சுபகாரியமும் கிடையாது. வளைகாப்பு நின்றுபோனது. கொல்லைத் தாழ்வாரத்தில் வேப்பிலைமேல் ஒருக்களித்துக் கிடந்த எனக்கு, அந்த எரிச்சலுக்கு நடுவிலும் மனசு குளிர்ந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வீடு முழுவதும் என்னைச் சுற்றி நடந்தது.

பதினாலு வயதில் ரங்கூனில் எனக்கு அம்மை போட்டிருந்தது. அப்போது எங்கள் கதவு மூடவேயில்லை. பக்கத்து வீட்டு மா கின், தனக்காக் கட்டையைக் கல்லில் உரைத்து, அந்த மஞ்சள் விழுதைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு நேரே என் படுக்கைக்கு வந்துவிட்டாள். பர்மாக்காரர்கள் முகத்தில் தினமும் பூசிக்கொள்வார்களே, அதுதான். அம்மா தமிழில் பதறினாள், மா கின் பர்மியில் அதட்டினாள். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பாதிகூடப் புரியவில்லை. அம்மா வேண்டாம் என்று கையாட்டியதைப் போதாது என்று எடுத்துக்கொண்டு, மா கின் என் கால்வரை பூசிவிட்டுப் போனாள். இங்கே கொல்லையில் கிடந்தபோது அவளை நினைத்து அழுதேன். அம்மாவை நினைத்தால் தாங்காது என்று அவளை நினைத்தேன்.

மறுநாள், எனக்கு வேப்பிலைத் தண்ணீர் வைக்கப் புதுப்பானை கொண்டுவந்த உறையூர்க் குயவர் வீட்டு அம்மாள் கொல்லைக் கதவோரம் நின்று என் முதுகைப் பார்த்தாள்.

"அம்மைன்னு யாரு சொன்னா தாயி? அம்மைன்னா ஒடம்பு பூரா வரும். இது ஒரு பக்கமா வந்திருக்கு, இது அக்கி. எங்க வீட்டுக்காரரை வரச்சொல்றேன். காவியில எழுதினா மூணே நாள்ல எரிச்சல் அடங்கிடும்."

குயவர்கள் காவியைக் குழைத்து அக்கியின்மேல் உருவம் எழுதுவார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. அக்கிக்கு வேப்பிலை வேண்டாம், வளைகாப்பும் நிற்க வேண்டாம்.

"வேண்டாம்மா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பானையை வைத்துப் போனாள். எதிரிக்குச் சகுனம் தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதைதான் என்னுடையது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். குறித்த நாள் போயிற்று, ஆடி பிறந்தது. ஆடியில் விசேஷம் வைக்க மாட்டார்கள், எட்டாம் மாதத்தில் வளையல் பூட்டவும் மாட்டார்கள். தண்ணீர் ஊற்றிய மறுநாள் வளையல் பூட்டாத வெறுங்கையோடு செண்பகத்தை அவள் அம்மா அழைத்துப்போனாள். கொண்டுவந்த வளையல் கூடையை அப்படியே திருப்பி எடுத்துப்போனபோது அந்த அம்மாளின் கண் நிறைந்திருந்தது. ஒன்பதில் பூட்டலாம் என்றார்கள். ஒன்பது பிறந்த இரண்டாம் நாளே செண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தலைப்பிள்ளைக்கு வளையல் பூட்டிக்கொள்வது ஒரே தடவைதான்.

எனக்கு ஒன்பதாம் மாதத்தில் நடந்த வளைகாப்புக்குச் செண்பகம் கைக்குழந்தையோடு வந்தாள். அந்தக் குழந்தையின் அழகைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது, மறைக்க மாட்டேன். என் அம்மா, ரங்கூனிலிருந்து வந்த ஒருவரிடம் கண்ணாடி வளையல்கள் கொடுத்தனுப்பியிருந்தாள். அம்மா ஸ்தானத்தில் உட்கார்ந்து செண்பகம்தான் பூட்டினாள். வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. அம்மாவுக்கு நினைவிலிருந்தது ஆறு வருஷத்துக்கு முந்தைய கை. இரண்டு உடைந்ததும் செண்பகம் நிறுத்திவிட்டு, தன் கூடையைப் பக்கத்தில் இழுத்தாள். ஆனியில் அவளுக்காக வாங்கிய அதே வளையல்கள்.

குனிந்து பூட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "பானைக்காரம்மா அன்னைக்கே எங்கிட்டயும் சொல்லிட்டாங்கக்கா, அது அக்கின்னு."

"அப்ப நீ ஏன் சொல்லலை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு மூணு நாளும் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

சொல்லிவிட்டு அடுத்த வளையலை எடுத்தாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததிலும் அவளே ஜெயித்துவிட்டாள் என்று அப்போதும் பொறாமைப்பட்டேன். அவளுடைய வளையல்கள் என் இரண்டு கையிலும் ஒரு தடங்கலில்லாமல் ஏறின. பிரசவம்வரை கழற்றக் கூடாது என்றார்கள். அம்மா அனுப்பியதில் உடையாமல் மிஞ்சியவை பர்மியப் பத்திரிகைத் தாளில் சுற்றியபடி என் மடியில் கிடந்தன.