ஒன்பது தொட்டிகளோடு வந்த ஓணான்

மிஷன் பள்ளியில் விலங்கியல் நடத்திய முப்பத்தொரு வருடமும், சனிக்கிழமைகளில் மாணவர்களைக் கோச்சடைப் பக்கம் வைகைக் கரைக்கு அழைத்துப் போவேன். ஓவிய ஆசிரியரும் கூட வருவார். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்போம். நடு உடம்பைச் சுற்றியுள்ள செதில்களை நான் எண்ணுவேன். அவர் படம் வரைவார். பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். அப்போது எனக்கு லென்ஸ்கூடத் தேவைப்பட்டதில்லை. அந்த வெயிலையும், கருவேல நிழலில் பகிர்ந்து தின்ற புளியோதரையையும் நினைக்காத நாளில்லை.

இப்போது விளாங்குடியில் அவர் எனக்கு எதிர்வீட்டுக்காரர். சௌராஷ்டிரர். போன சித்திரையில் அவர் மகள் புனேயிலிருந்து மாற்றலாகி வந்தபோது, லாரியில் ஒன்பது பூந்தொட்டிகளும் வந்தன. அடுத்த வாரம் எங்கள் மதிலில் பதினான்கு ஓணான்கள் இருந்தன. என் கணக்குப்படி பதின்மூன்றுதான்.

புதியதன் விலாவில் வெளிர்கோடு இருந்தது. அவர் பிடித்துக் கொடுக்க, லென்ஸ் வைத்து மூன்று முறை எண்ணினேன். முப்பத்தேழு செதில்கள். என் பழைய நோட்டுகளில் நம்மூர் ஓணான் ஒன்றுகூட நாற்பத்து மூன்றுக்குக் கீழே இல்லை. வேறு துணையினமாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதி போதாது. ஆனால் அது பெண், வயிறு ஒட்டியிருந்தது, உள்ளே முட்டையில்லை, இனிமேல்தான் சேரும் பருவம். நம் ஆண்களோடு கூடினால் இந்த வெயிலுக்குப் பழகிய வம்சம் கலந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. டப்பாவில் அடைத்துக் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்துவிடலாம் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க ஆளுகளும் குஜராத்துலேர்ந்து வந்தவுகதான் சார். என்னையும் லென்ஸ் வச்சு எண்ணிட்டுத்தான் பள்ளிக்கூடத்துல சேத்தீகளா?”

“உங்களுக்குச் செதில் இல்லையே சார்,” என்றேன்.

இருவரும் சிரித்தோம். சிரித்தபடியே நோட்டில் முப்பத்தேழு என்று எழுதினேன். எழுதி முடித்ததும் என் கை தானாகச் சுருக்கைத் தளர்த்தி ஓணானை மதிலில் விட்டது. முப்பத்தொரு வருடச் சனிக்கிழமைகளின் பழக்கம். அது மதிலோரச் செம்பருத்தி வேலிக்குள் ஓடி மறைந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. எட்டு நாள் ஈர்க்கோடு காத்திருந்தேன். அது கண்ணில் படவேயில்லை.

ஆவணி மழைக்குப் பிறகு செம்பருத்தியடியில் ஆறு குஞ்சுகளைக் கண்டேன், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். கண் அறுவைக்குப் பிறகு அத்தனை சிறிய செதில் எனக்கு லென்ஸிலும் தெரிவதில்லை. அவரைக் கூப்பிட்டேன். முதல் குஞ்சை உள்ளங்கையில் வைத்து, உதடு அசைய மெதுவாக எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

“நாப்பது சார். நம்மூரா, வெளியூரா?”

தெரியவில்லை என்றேன். நோட்டில் நம்மூருக்கு ஒன்று, வந்ததற்கு ஒன்று என்று இரண்டு கட்டங்கள் போட்டு வைத்திருந்தேன். ஸ்கேலை எடுத்து மூன்றாவதாக ஒன்று போட்டேன். அதற்கு என்ன தலைப்பு எழுதுவதென்று விளங்கவில்லை. இன்னும் ஐந்து குஞ்சுகள் இருந்தன. அடுத்ததைப் பிடிக்கச் சொன்னேன்.