திருப்பதிக்கு மேல் ஆடிய விமானம்

தை மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆடத் தொடங்கிய ஒரு விமானம், சித்திரை பிறந்த பிறகும் நிற்கவில்லை. அதில் உட்கார்ந்து வந்தவர் சித்தப்பா. பிடித்து ஆட்டியவர்கள் மற்ற எல்லோரும். என் பங்குக்கு நானும் ஆட்டினேன். சொல்லப்போனால் கொஞ்சம் ஜாஸ்தியாகவே ஆட்டினேன். அப்போது நான் நாலாம் வகுப்பு.

சித்தப்பா துபாயில் ஏசி மெக்கானிக். உண்மையில் வேலை துபாயில் இல்லை, பக்கத்தில் வேறு ஏதோ ஊர். ஆனால் கடல் தாண்டி மணலில் இருந்த எல்லா ஊரும் எங்கள் தெருவுக்குத் துபாய்தான். மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் அலைந்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் பெரியப்பா. பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் லேசாகக் குழையும்.

மார்கழிக் கடைசியில் சித்தப்பா லீவில் வந்து இறங்கினார். பெட்டியைப் பிரித்து எனக்கு ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, வரும்போது விமானம் கொஞ்சம் ஆடியது, காபி சட்டையில் கொட்டிவிட்டது என்றார். அவ்வளவுதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் டவுன் பஸ்ஸில் போனாலே சட்டையில் ஏதாவது கொட்டும்.

தையில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து சித்தி வந்தாள். பந்தல் பிரித்த இரண்டாம் வாரம் பார்த்தால், சித்தப்பா சொன்ன கதையில் அதே விமானம் கயிறு அறுந்த வாளிபோல நேராகக் கீழே விழுந்திருந்தது. மாசி பிறந்ததும் பக்கத்து சீட்டுப் பெரியவர் தலை கூரையில் இடித்துப் புடைத்துக்கொண்டது. திரும்பிப் போகவேண்டிய நாள் நெருங்க நெருங்க, அந்தப் பெரியவர் தன் பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரித்துச் சொல்லவே ஆரம்பித்துவிட்டார். சித்தப்பாவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு சாயங்காலம் அவர் பெரியப்பா முன்னால் வந்து நின்றார்.

"அண்ணா, பிளேன் ஏறணும்னாலே பயமா இருக்குது. வேலைக்குப் போவலைன்னு சொல்லலை. பிளேன்தான்..."

பெரியப்பா கோபப்படவில்லை. அவருக்கு அது வகுப்பில் ஒரு பையன் எழுந்து சந்தேகம் கேட்டதுபோல இருந்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காரணம் தெரியாத வரைக்கும்தான் பயம். காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டா பயம் போயிடும். உட்காரு, பார்த்துடலாம்."

இப்படித்தான் கூடத்தில் விசாரணை தொடங்கியது.

முதல் சாட்சி அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மூத்தவள், ஆகவே பெரியப்பாவுக்குப் பயப்படாத ஒரே ஆள். வாசலுக்கு எதிரே தெரிந்த அண்ணாமலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"சாமியே மலையா நிக்கிற ஊருடா இது. அது தலைக்கு மேல பறந்தா ஆடாம இன்னா பண்ணும்?"

பெரியப்பா சிரித்தபடி பள்ளிக்கூட அட்லாஸைக் கொண்டுவந்தார். சித்தப்பாவின் விமானம் வந்தது பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு. பம்பாய் மேல் ஒரு விரல், மெட்ராஸ் மேல் ஒரு விரல், நடுவில் அடிஸ்கேல். பென்சிலால் நேராகக் கோடு போட்டார். கோடு எங்கள் மலையைத் தொடவே இல்லை. வடக்கே எங்கேயோ போனது. பார்த்தாயா என்பதுபோல அத்தையைப் பார்த்தார்.

இந்த இடத்தில் சித்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் கடைசி மருமகள் புருஷனின் அண்ணன் எதிரில் வந்து நின்று பேசமாட்டாள். அப்படி ஒரு பழக்கம். அவர் கூடத்தில் இருந்தால் அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருப்பாள். காபி டம்ளரை வாங்கிப்போய்க் கொடுப்பது நான். அன்று டம்ளரோடு அவள் ஒரு கேள்வியையும் என் காதில் போட்டு அனுப்பினாள். நான் கூடத்துக்கு வந்து அதைச் சொந்தக் கேள்விபோலக் கேட்டேன்.

"பெரியப்பா, கோட்டுக்கு அடியில என்ன ஊரு வருது?"

பெரியப்பா குனிந்து பார்த்தார். கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"திருப்பதி" என்றார், தணிந்த குரலில்.

அத்தை துள்ளி எழுந்துவிட்டாள். ஈஸ்வரனாவது நம்ம ஆள், பொறுத்துக்கொள்வார். பெருமாள் தலைக்கு மேல் பறந்துவிட்டுச் சும்மா இருக்கலாமா என்று அவள் கேட்டதற்கு அட்லாஸில் பதில் இல்லை. அடுத்த வாரமே எல்லோரும் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனோம். மலையேறும்போது சித்தி மறுபடி காதில் சொன்னாள், நான் உரக்கக் கேட்டேன்: தப்புக்குப் பரிகாரம் என்றால் மொட்டை போட வேண்டாமா? சூட்டிகையான குழந்தை என்று அத்தை என்னை அணைத்துக்கொண்டாள். சித்தப்பாவின் சுருள்முடி அத்தனையும் போனது. புது மாப்பிள்ளை முழு மொட்டையாக வந்து நின்றதைப் பார்த்து சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு அடங்கவில்லை.

ஊர் திரும்பியதும் விசாரணை முடிந்தது என்று பெரியப்பா டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினார். அப்போது நான் இன்னொரு டம்ளர் காபி கொண்டுபோனேன்.

"பெரியப்பா, பாஸ்போர்ட்டுல சித்தப்பாவுக்கு முடி இருக்கே?"

பெரியப்பா பாஸ்போர்ட்டை எடுத்துப் பிரித்தார். படத்தைப் பார்த்தார், தம்பியின் தலையைப் பார்த்தார். படத்தில் இருந்தவன் ஒரு சினிமாக்காரன்போல இருந்தான். எதிரில் நின்றவர் அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்கு விபூதிப் பொட்டலம் விற்பவர்போல இருந்தார். அது வேறு ஆள், இது வேறு ஆள் என்று ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவான் என்று பெரியப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. உடம்பு சரியில்லை என்று கம்பெனிக்குத் தந்தி போனது. சரி, ஆனால் சித்திரைக் கடைசிக்குள் வந்து சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று பதில் வந்தது.

முடி வளரும் காலத்தை வீணாக்க பெரியப்பாவுக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் ஏற்றினார். அந்த ரோட்டில் தார் இருந்த இடத்தைத்தான் தேடவேண்டும். நாங்கள் எல்லோரும் எகிறி எகிறி விழுந்தோம். அத்தையின் வெற்றிலைப் பை பறந்துபோய் முன்சீட்டுக்காரர் மடியில் விழுந்தது. பெரியப்பா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பாடம் நடத்தினார்.

"பாரு, பஸ் ஆடுது. கவுந்துச்சா? ஆடுறது வேற, விழுறது வேற. புரியுதா?"

"அண்ணா, இது கவுந்தா இறங்கி நடக்கலாம்" என்றார் சித்தப்பா. பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தியின் அடுத்த கேள்வி என்னிடம் தயாராக இருந்தது. ரோட்டில் பள்ளம் தெரிகிறது, பஸ் ஆடுகிறது. வானத்தில் பள்ளம் எங்கே இருக்கிறது? பெரியப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இந்தப் பெண் ஒருநாள் பெரிய விஞ்ஞானியாக வருவாள் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா பேப்பரை இறக்காமலேயே தலையாட்டினார்.

அதற்கு விடை சொல்ல பெரியப்பா எங்களை உச்சிவெயிலில் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். கால் வைக்க முடியாமல் நாங்கள் குதித்துக்கொண்டிருக்க, அவர் மலைக்கு மேலே கையைக் காட்டினார். ஒரு பருந்து வட்டமிட்டபடி மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

"றெக்கையை அடிக்குதா பாரு. இல்ல. பாறை சூடாயி, அந்தச் சூட்டுல காத்து மேல கிளம்புது. அதுதான் பருந்தைத் தூக்குது. பிளேனையும் அதுதான் தூக்கிப் போடுது. அந்தக் காத்து மேல போயி மேகமா திரளும். மேகம் கண்ணுக்குத் தெரியும். பைலட்டு அதைச் சுத்திக்கினு போயிடுவான். இதுல பயப்பட இன்னா இருக்கு?"

"இது அக்னி மலை, சூடு ஜாஸ்தினு நான் முதல் நாளே சொல்லலை?" என்று அத்தை வெற்றியோடு கீழே இறங்கினாள்.

எல்லோருக்கும் திருப்தியான காரணம் கிடைத்துவிட்டது. சித்தப்பாவின் தலையில் சுருள் மறுபடி எட்டிப்பார்த்தது. டிக்கெட் வந்தது. பெட்டிக்கு அம்மா புது உறை தைத்தாள். ஊறுகாய் போட்டு வெயிலில் வைத்தாள். சித்தப்பா யாரிடமும் அதிகம் பேசாமல், வீட்டில் கெட்டுப்போயிருந்த ஃபேன், ரேடியோ எல்லாவற்றையும் கழற்றிச் சரிசெய்துகொண்டிருந்தார். சமையலறையிலிருந்து எனக்குக் கேள்வி வருவது நின்றுவிட்டது. டம்ளர் மட்டும் வந்தது. எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. சாயங்காலங்கள் சப்பென்று ஆகிவிட்டன.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு காலையில் சித்தி என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். எப்போதும் கேள்வியைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். அன்று சிரிக்கவில்லை.

"பாப்பா, மேகமே இல்லாதப்ப ஆடுனா இன்னா பண்றதுனு கேளு."

கேட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாகூட நிமிர்ந்தார். பெரியப்பா தம்பியின் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு மேகம் இருந்துச்சா?"

"இல்லண்ணா. கண்ணாடி மாதிரி இருந்துச்சு வானம். துளி மேகம் இல்ல."

இது அவர் கதையில் சேர்த்துக்கொண்ட விஷயமில்லை என்று எனக்குத் தோன்றியது. பெரியவர் தலை இடித்ததைச் சொல்லும்போது இருந்த குரல் இல்லை அது.

பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பகல் முழுக்க லைப்ரரியில் இருந்தாராம். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. வெயில் தாழ்ந்து வந்து, கால் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். நான் எதிரில் போய் நின்றேன். சித்தப்பா தூணோரம் நின்றார்.

மேகமில்லாத வானத்திலும் விமானம் ஆடும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாதாம், முன்கூட்டிச் சொல்லவும் முடியாதாம். ரொம்ப உயரத்தில் ஓடும் வேகமான காற்றுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். மலையில் மோதி எழும்பும் காற்று என்று சிலர். பெரிய பெரிய ஆட்களே இன்னும் பேசி முடிக்கவில்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கடைசி பெஞ்சுக்குச் சொல்வதுபோலக் குரலை உயர்த்தினார்.

"அன்னைக்கு இன்னாத்துக்கு ஆடுச்சுனு எனக்குத் தெரியலை! தெரியாத ஒண்ணுல நான் எப்படி என் தம்பியை ஏத்தி அனுப்புறது?"

அதே உரத்த குரலில் தொடர்ந்தார்: பஸ் ஸ்டாண்டு பக்கம் கூல்டிரிங்ஸ் கடைக்கெல்லாம் ஃபிரிட்ஜ் வந்துவிட்டது, லாட்ஜ் வேறு பெருகிவிட்டது, ரிப்பேர் என்றால் வேலூரிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது, அங்கே ஒரு கடை காலியாக இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். சித்தப்பா தலையைத் தடவிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

எனக்கு அடக்கமுடியாத பெருமை. ஊருக்கே பாடம் சொல்லும் பெரியப்பாவைத் தெரியவில்லை என்று சொல்லவைத்தது என் கேள்வி. சமையலறைக்கு ஓடினேன். சித்தி என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்று சுற்றினாள்; என் கால் பட்டு அடுக்கியிருந்த டம்ளர்கள் உருண்டன. அவள் சிரித்தாள், அழுதாள், என் கன்னத்தில் மாற்றி மாற்றி முத்தமிட்டாள். சயின்ஸில் ஒருத்திக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

ஒன்றுதான் உறுத்தியது. ஒரு முழத் தூரத்தில் நின்ற எனக்குப் பெரியப்பா ஏன் சமையலறை வரைக்கும் கேட்கும்படி கத்திப் பதில் சொன்னார்? நெடுநேரம் யோசித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போனேன். பெரியப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது, சீக்கிரம் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள் என்றேன்.