பலா மரத்து மேசை

கொழிஞ்சாம்பாறை வீட்டில் தச்சு வேலைக்கென்று நானே செய்த மேசைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினேன். அந்த வாசம் என்னைச் சிறு வயதுக்கு இழுத்துப் போனது.

அம்மா கல்யாணமாகி வந்தபோது நட்ட பலா மரத்தை, இப்படியொரு மேசைக்காக அப்பா வெட்டிவிட்டார். மேசை முடியும்வரை அம்மா அவரோடு பேசவில்லை. கடைசியில் எண்ணெய்த் துணியை அவர் கையிலிருந்து வாங்கி, மஞ்சள் பலகை முழுவதும் அவளே அழுத்தித் தேய்த்தாள்.

"கோவம் போயிருச்சா புள்ள?" என்றார் அப்பா.

"எண்ணெய் பூசலீன்னா பலகை வெடிச்சுருமுங்க."

அப்பா சிரித்தார். அம்மா அழுதாள். சமாதானமா, சண்டையா என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா இல்லாத வீட்டில் இன்று அம்மாவிடம் கேட்டேன்: "அன்னிக்குக் கோவம் போயிருச்சுங்களாம்மா?"

"சாகற மட்டும் அவரும் அதையேதான் கேட்டாரு கண்ணு. எனக்குத் தெரிஞ்சாத்தான சொல்றதுக்கு?" என்றாள்.