கடைசி வயலின் முதல் முறை

மகள் வீட்டு அடுக்களையில் குழாயைத் திருகினால் உடனே தண்ணீர் கொட்டுகிறது. ஓய்வுபெற்ற வாய்க்கால் காவலருக்கு அது இன்னமும் பழகவில்லை. இருபத்தாறு வருடம் வாய்க்கால் மதகின் ஷட்டரைத் திருகியவர். தண்ணீர் என்றால் அவருக்கு அது நடந்து வர வேண்டும்.

அந்தக் காலத்தில் அவருக்குக் கடிகாரத்தார் என்று பட்டப்பெயர். பத்து நாளைக்கு ஒருதரம் வாய்க்காலில் தண்ணீர் வரும். வயலுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்து விடுவார். மாமனாரே வந்து நின்றாலும், "முள்ளு தாண்டிடுச்சு மாமா" என்பதோடு சரி. கடைசி வயல் அவருடைய அக்காவுடையது. கடைசியில் இருப்பவர்கள் பாவம் என்று முதல் முறையை அங்கேதான் வைத்திருந்தார்கள். அப்படியும் அங்கே பாதி விளைச்சல்தான். "முதல் தண்ணி வாங்கியும் விளைய வைக்கத் தெரியலியேக்கா" என்று வாய் கூசாமல் கிண்டல் செய்வார். அக்கா சிரித்துக்கொள்வாள்.

வேலைக்கு வந்த பதினோராவது வருடம் வானம் கைவிரித்தது. அக்காவின் சோளம் கதிர் விடும் பருவத்தில் வாடி நின்றது. அந்த ஒரு தண்ணீர் தப்பினால் எல்லாம் போச்சு. முதல் முறை விட்டும் வாடுகிறதென்றால் வழியில் எவனோ தண்ணீரைத் திருப்புகிறான், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஷட்டரைத் திறந்துவிட்டு, தடியோடு தண்ணீர் கூடவே நடந்தார்.

திருடன் யாரும் இல்லை. வெயிலில் வெடித்துக் கிடந்த வாய்க்கால்தான் குடித்தது. ஒவ்வொரு வெடிப்பும் நிரம்பிய பிறகே தண்ணீர் அடுத்த அடி வைத்தது. அக்கா வயலைத் தொட்டபோது கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது நிமிடம் போயிருந்தது. ஷட்டரடியிலேயே நின்று நேரம் பார்த்த மனுஷனுக்கு இது எங்கே தெரியும்? அக்காவின் நேரத்தில் நனைந்த வாய்க்காலில்தான் மற்றவர்கள் தங்கள் முறையை முழுதாக வாங்கியிருக்கிறார்கள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா, அக்காவுக்குன்னா கூட விடுறான்னு பேசுவாங்க. உனக்கு எதுக்குடா கெட்ட பேரு?"

இருபது நிமிடம் கழித்து, தன் முறை வந்துவிட்டதென்று பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு வந்தார்.

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்குண்ணே. தண்ணி வயலைத் தொட்ட நேரத்துல இருந்துதான் கணக்கு."

"அக்காங்கிறதால புதுக் கணக்கா?"

"சரி, அடுத்த தடவ முதல் முறைய நீங்க வாங்கிக்குங்க. பழைய கணக்குலயே விடுறேன்."

வயல்காரர் ஈர வாய்க்காலை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

தண்ணீர் சோளத்தின் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது. முறை முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது அக்கா வயலுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"போதும்டா. பக்கத்து வயல் அண்ணனைத் திருப்பிக்கச் சொல்லு."

பதினோரு வருடத்தில் அந்த வயலிலிருந்து போதும் என்ற வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறது என்றும் பாராமல் கடிகாரத்தார் அழுதார்.