ராத்தாவும் ஒற்றைக்கண் நுணுக்குக்காட்டியும்

அந்த நுணுக்குக்காட்டியின் அடியில் முன்பு ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சற்றுக் குழிவு. யன்னலால் வரும் வெயிலைப் பிடித்து மேலே குழாய்க்குள் அனுப்புவது அதன் வேலை. நான் ஆய்வுகூட வேலையிலிருந்து ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னர், ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட சாமான்களைப் போட்டுவைக்கும் அறையில், கால் உடைந்த கட்டில் ஒன்றின் கீழே அந்த நுணுக்குக்காட்டியைக் கண்டேன். கறுப்புப் பூச்சு செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. பித்தளைத் திருகுகளில் பச்சை பூத்திருந்தது. மன்னாரின் உப்புக் காற்று எதையும் சும்மா விடுவதில்லை. கண்ணாடியின் ரசம் முழுக்க உரிந்து போயிருந்தது. வெளியே இழுத்துத் தூக்கியதும் அதன் பாரத்தை என் கை அடையாளம் கண்டுகொண்டது. எடுத்துப் போகலாமா என்று பெரிய டொக்டரிடம் போய்க் கேட்டேன்.

“இந்த மைக்ரோஸ்கோப்பை வைச்சு என்ன மிஸ் செய்யப் போறீங்கள்? வில்லையெல்லாம் பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு.”

“திருத்திப் பாக்கப் போறன் டொக்டர்.”

அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

பள்ளிமுனையில் நான் இருக்கும் வீடு அம்மா விட்டுப் போனது. தம்பிமார் இரண்டு பேரும் கடல் கடந்து போய்விட்டார்கள். நான் கலியாணம் செய்யவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் இல்லை. சண்டைக் காலத்தில் ஒவ்வொரு பேச்சும் பிந்திப் பிந்தியே போயிற்று, அவ்வளவுதான். வேலை இருந்தவரை வீட்டின் அமைதி எனக்குத் தெரியவில்லை. ஓய்வுபெற்ற பிறகு, காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நிற்கும்போதுதான், இன்றைக்கு முழுவதும் யாரோடும் ஒரு சொல் கதைக்கத் தேவையில்லை என்பது நினைவுக்கு வரும். கோயில் மணி கேட்கும். வள்ளங்கள் கரைக்கு வந்ததும் மீனுக்கு விலை கூறும் சத்தம் கேட்கும். வெயில் ஏற ஏற அதுவும் அடங்கிவிடும். சாப்பாட்டு மேசையில் பழைய துணி ஒன்றை விரித்து அந்த நுணுக்குக்காட்டியை வைத்தேன். மேசையில் வேறு யாரும் சாப்பிட வராதபடியால் அதை எடுத்து வைக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

துடைக்கத் தொடங்கிய முதல் நாளே ராத்தாவின் நினைவு வந்துவிட்டது. முஸ்லிம் ஆட்கள் மூத்த சகோதரியை ராத்தா என்பார்கள். ஆய்வுகூடத்தில் எனக்கு முன்னரே வேலைக்கு வந்தவர் என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகினேன். அவர் பிறந்த ஊர் கொண்டச்சி. கலியாணம் செய்து மன்னார் ரவுனுக்கு வந்திருந்தார். என்னைவிடக் கொஞ்ச வயதுதான் கூட. மெல்லிய, நெடிய பெண். மடியில் பிள்ளையை வைத்திருப்பவர்போல அந்தக் கருவியை அணைத்துக்கொண்டு உட்காருவார். ஒரு கண்ணைக் குழாயில் வைத்துக்கொண்டு மற்றக் கண்ணையும் மூடாமல் வைத்திருக்கப் பழகியிருந்தார். அந்த மற்றக் கண்ணால் கதவடியில் யார் வருகிறார், யார் போகிறார் என்பதையும் பார்த்துச் சொல்லிவிடுவார். எனக்கு அந்த வித்தை கடைசிவரை வரவேயில்லை.

அந்த நாட்களில் மன்னாரில் மலேரியா இல்லாத வீடு இல்லை. மாரி தொடங்கினால், போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி வாங்கில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடிச் சிலைட்டில் பூசிக் காயவிட்டு, சாயம் ஊற்றிக் கழுவி, பிறகு பார்க்க வேண்டும். அந்தச் சாயம் எங்கள் இருவரின் விரல் நுனிகளிலும் நீலமாக ஏறிக்கிடந்தது. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. கரண்ட் பெரும்பாலும் இராது. வெயிலை நம்பித்தான் வேலை. காய்ச்சல் கூடும் மாதங்களில்தான் வானமும் மூடிக்கொள்ளும் என்பது எங்கள் இருவருக்கும் பெரிய எரிச்சல். மேகம் விலகும்வரை கையில் சிலைட்டோடு காத்திருப்போம். விலகியதும் ராத்தா அடியிலிருந்த வட்டக் கண்ணாடியை ஒரு விரலால் மெல்லத் திருப்புவார். குழாய்க்குள் வெளிச்சம் வந்துவிட்டது என்பதை அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

குழாய் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். சந்தேகம் வந்தால் எழுந்து கதிரையை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். கடுமையான மலேரியாவில் கிருமி சில வேளைகளில் பிறைபோல வளைந்து தெரியும். அதைக் கண்டுவிட்டால் ராத்தா, பெருநாள் பிறை கண்டவர்போலச் சிரித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கூப்பிடுவார்.

“தங்கச்சி, பிறை கண்டாச்சு. ஓடி வா, நீயும் ஒருக்காப் பார்.”

நான் போய்ப் பார்த்து, “ஓம் ராத்தா, பிறைதான்” என்பேன். உடனே அவர் சிரிப்பு நின்றுவிடும். “பாவம், ஆரெண்டு பார். கெதியா வாட்டுக்குச் சொல்லு” என்று அடுத்த சிலைட்டை எடுப்பார். ஒரு பகலில் எத்தனையோ முறை நாங்கள் இப்படிக் கதிரை மாறியிருப்போம். அப்போது அது எனக்கு எழுந்தெழுந்து உட்காரும் நாரிநோவாக மட்டுமே இருந்தது.

பிறகு தொண்ணூறாம் ஆண்டின் அந்த ஐப்பசி மாதம் வந்தது. மன்னார்த் தீவில் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் வெளியேற வேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். எதையும் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். அடுத்த நாள் ராத்தா வேலைக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். வாசலில் அவருடைய மனிசன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். முதல் நாள் ராத்தா சாயத்தில் போட்டுவிட்டுப் போன சிலைட்டுகள் தட்டில் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி, காய்வதற்குச் சுவரோரம் சாத்தி வைத்தார். “இருங்கோ ராத்தா” என்றேன். உட்காருங்கள் என்றா, போகாதீர்கள் என்றா சொன்னேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

“காஞ்சதும் பாத்து முடி தங்கச்சி. சனம் காத்துக்கொண்டு இருக்குது” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மழை. மழைக்குள் படகுகளில் ஏற்றி அவர்களைக் கற்பிட்டிப் பக்கம் கொண்டுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தச் சிலைட்டுகளை நான் தனியாகத்தான் பார்த்தேன். அதற்குப் பின்னரும் தனியாகத்தான். ஆட்கள் வந்தார்கள், இடம் மாறிப் போனார்கள். சில வருடங்களில் எனக்குக் கீழும் சிலர் வேலை செய்தார்கள். சந்தேகம் வந்தால் எழுந்து, யன்னலடியில் நின்று கண்ணைக் கசக்கிவிட்டு, திரும்ப நானே உட்கார்ந்து பார்ப்பேன். பிறகு இரண்டு கண்ணாலும் பார்க்கும் புதிய கருவி, மின்விளக்கோடு வந்தது. பழையதைத் தூக்கி அறைக்குள் போட்டார்கள். கடைசியில் மலேரியாவும் இல்லாமல் போயிற்று. நான் பழகிய வேலையில் பாதி தேவைப்படாமல் போனது நல்ல காரியம்தான். ஆனாலும் அந்த வாங்கு வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும்.

சண்டை முடிந்து சில வருடங்களின் பின் ராத்தாவின் குடும்பம் கொண்டச்சிக்குத் திரும்பி வந்தது. ஆரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பின்னேரம் போன் வந்தது. குரல் தடித்திருந்தாலும் அவர்தான் என்று உடனே தெரிந்தது. நலம் விசாரிக்கவில்லை, தன் பெயர்கூடச் சொல்லவில்லை.

“அண்டைக்குக் கழுவி வைச்ச சிலைட்டுகளைப் பாத்து முடிச்சியா?”

“முடிச்சன் ராத்தா. ரெண்டு பேருக்குப் பிறை. ரெண்டு பேரும் தப்பியிட்டினம்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

அதன் பின்னர் அவர்களின் பெருநாளுக்கும், கத்தோலிக்கரான எங்கள் நத்தாருக்கும் போனில் கதைத்துக்கொள்வோம். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வோம். வேலை, மழை, சுகயீனம் என்று சாக்கு ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. பழைய நுணுக்குக்காட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்னபோது, “அது இன்னும் சாகேல்லையா?” என்று சிரித்தார். பிறகு சொன்னார்: “எனக்கெண்டாப் பார்வை போயிட்டுது தங்கச்சி. சீனி வருத்தம். கிட்ட வந்தா ஆளெண்டு தெரியும். ஆரெண்டு தெரியாது.”

அன்றைக்குத்தான் அதை வெறுமனே திருத்தினால் போதாது என்று முடிவு செய்தேன். குழாயில் கண் வைத்துப் பார்க்க முடியாவிட்டால், பெரிய திரையிலாவது அவர் பார்க்கட்டும்.

வேலை நினைத்ததைவிட நீண்டது. ஏற்றி இறக்கும் திருகு அசையவே இல்லை. பழைய கிறீஸ் மெழுகுபோல இறுகியிருந்தது. தலைமயிர் காயவைக்கும் கருவியால் சூடுகாட்டி, துளித்துளியாக எண்ணெய் விட்டு, ஒவ்வொரு காலையும் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பேன். ஒரு நாள் அது சட்டென்று இளகியபோது “ஆ, வந்திட்டாய்!” என்று உரத்துச் சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் என் குரலை நானே கேட்டுச் சில நாட்கள் ஆகியிருந்தன. வில்லைகளில் சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்த பூஞ்சணத்தைப் பஞ்சால் மெல்லத் துடைத்தேன். எண்ணெய் விட்டுப் பார்க்கும் பெரிய வில்லை தப்பியிருந்தது. அதுதான் முக்கியம். நடுத்தர வில்லையில் பூஞ்சணம் கண்ணாடியையே தின்றிருந்தது. அதே அளவில் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். ரசம் போன கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சிறிய எல்.ஈ.டி விளக்கு ஒன்றையும் வெளிச்சத்தைப் பரவவிட மங்கல் கண்ணாடித் துண்டொன்றையும் பொருத்தினேன். குழாயின் மேல்முனையில் ஒரு சின்னக் கமரா. அதன் வயரை ரீவியில் செருகி, முதல் தடவையாகப் படம் விழுந்தபோது, திரை முழுக்க இரத்த அணுக்கள் வட்ட வட்டமாக நின்றன. இனி இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம். அதைச் சொல்லத்தான் வீட்டில் யாரும் இல்லை.

நுணுக்குக்காட்டியைப் பெட்டியில் வைத்து, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டச்சிக்குப் போனேன். ராத்தா வாசலிலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மெல்லிய ஆள் இன்னும் மெலிந்திருந்தார். என் முகத்தைக் கைகளால் தடவிப் பார்த்து, “கிழவியாப் போனாய்” என்றார். அவருடைய மகன் ரீவியைக் கீழே இறக்கி வைத்து உதவினார். நான் பாதுகாத்து வைத்திருந்த பழைய சிலைட்டுகளில், பிறை நன்றாகத் தெரியும் ஒன்றைத் தேடி எடுத்து வந்திருந்தேன். அதை வைத்துத் துலக்கமாக்கினேன். என் உள்ளங்கை நீளத்துக்குப் பிறை ஒன்று திரையின் நடுவில் நின்றது.

ராத்தா கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுக்கச் சொன்னார். இன்னும் கிட்ட. மூக்குத் தொடும் அளவுக்குப் போனார். தலையை இந்தப் பக்கம் சரித்தார், அந்தப் பக்கம் சரித்தார்.

“நீலமாக் கிடக்குது” என்றார். பிறகு மெதுவாக, “அவ்வளவுதான் தெரியுது தங்கச்சி.”

வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன், வேறு வில்லைக்கு மாற்றினேன். “இப்ப? இப்ப தெரியுதா ராத்தா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கையை நீட்டி என் கையைத் தேடிப் பிடித்தார்.

“விடு. உனக்குத் தெரியுதுதானே?”

“தெரியுது.”

“அது போதும். நிப்பாட்டிப்போட்டு வந்து இதில இரு. நீ என்ன மாதிரி இருந்தாய் இவ்வளவு காலமும்? அதைச் சொல்லு.”

அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அம்மாவின் கடைசி நாட்களில் தொடங்கினேன். அங்கிருந்து பின்னாலும் முன்னாலும் போனேன். அவர் “ம்” கொட்டினார், இடையில் மறித்துக் கேட்டார், இரண்டு இடத்தில் என்னை ஏசினார். நான் போகவேண்டிய பஸ் றோட்டால் போகும் சத்தம் கேட்டது. “போகட்டும். விடியப் போகலாம்” என்றார் ராத்தா.

அடுத்த முறை போனபோது நுணுக்குக்காட்டியைக் கொண்டுபோகவில்லை. மாதத்தில் ஒரு தடவை போவேன். ஒவ்வொரு முறையும் கதைக்க ஏதாவது இருந்தது. அப்படி ஒரு வருடம்கூட முழுதாகப் போகவில்லை. ஒரு காலையில் மகன் போன் எடுத்தார்.

“உம்மா மௌத்தாயிட்டா. லுஹர் தொழுகையோட அடக்கம். உங்களுக்குச் சொல்லவேணும்போல இருந்தது.”

கிடைத்த முதல் பஸ்ஸில் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்குள் பெண்கள் பாயில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு நானும் ஓரத்தில் நின்றேன். அழுது களைத்தவர்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ராத்தாவின் தங்கை. ஒருவர் மருமகள். புத்தளத்தில் அகதியாக இருந்த காலம் முழுவதும் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர் ஒருவர்; ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியதையும், பிள்ளைகளை மாறி மாறி வளர்த்ததையும் சொல்லி அழுதார். அந்த நீண்ட வருடங்கள் எல்லாம் அவர்களிடம் இருந்தன.

அந்தக் கொட்டில்காரப் பெண்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க மௌத்தானவவுக்கு என்ன முறை?”

“ஒரு இடத்தில வேலை செய்தனாங்கள்” என்றேன். அது போதாது என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வேறொன்றும் கேட்காமல், பாயில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.